சிவப்பு மை

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் இருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்து வாத்தியார். மற்றவர் அவரிடம் படிக்கும் பிள்ளையின் தகப்பன், தோட்டத்துக்காரர். பிரஜாவுரிமை விசாரணைக்குப் போகிறாராம்.

“மகளோட கட்டுரைக் கொப்பியத்தான் காட்டப் போறேன் சார்.”

“கட்டுரையையோ? ஏன்?”

“நாங்க குடியிருக்கிற லைன் வீட்டப் பத்தி, ‘எங்கள் லயம்’னு நீங்கதானே எழுதச் சொன்னீங்க. கற்பனையா எதையும் சேக்காம, நாலு பேர்கிட்ட விசாரிச்சு, யார் சொன்னாங்கன்னும் எழுதணும்னு. எங்கப்பா இந்த நாட்டுக்கு எப்ப வந்தாரு, நான் லயத்துல எந்தக் காம்பராவுல பொறந்தேன், எல்லாம் கேட்டு எழுதியிருக்கா. வேற கடதாசி எங்ககிட்ட இல்லீங்க.”

வாத்தியார் கொப்பியை வாங்கி விரித்தார். பதுளை நெருங்கும் வரையில் அதை மூடவில்லை.

“இதைக் காட்டாதேங்கோ.”

“ஏங்க? சிவப்பு மையில நெறைய எழுதியிருக்கீங்களே. எனக்கு வாசிக்கத் தெரியாது. பாராட்டித்தான் எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

“அப்பா சொன்னது போதாது, ஆதாரம் என்ன எண்டு எழுதியிருக்கிறன். பக்கத்துக்குப் பக்கம்.”

தகப்பன் கொப்பியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“போன தடவ விசாரணையில அந்தத் தொரையும் இதத்தான் கேட்டாரு சார்.”