ஏழு காலிக் கட்டங்கள்

எங்கள் சபையில் காபி நன்றாக இருக்கும், நான்தான் போடுவேன். ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் கோப்பையோடு நிற்கும் மேசையில்தான் வாக்காளர் வழிகாட்டியையும் அடுக்கி வைப்பேன். மிசௌரியில் எங்கள் வட்டாரத்துக்குப் பதினேழு வருடமாக அதைத் தயாரிப்பவள் இந்த வெர்னா ஸ்டோல்ட்ஸ்தான்.

வேட்பாளர்களுக்கு ஏழு கேள்விகள் அனுப்புவேன். கருக்கலைப்பு, திருமணம், பள்ளியில் ஜெபம், இப்படி. வேதத்துக்கு ஒத்த பதிலென்றால் பெயருக்கு நேரே ஒரு சின்னச் சிலுவை. இல்லையென்றால் கட்டம் காலி. ஏழும் காலியாக இருந்த எவரும் இங்கே ஜெயித்ததில்லை.

மேரிபெத் கூன் பள்ளிக் குழுத் தேர்தலில் நின்றாள். பள்ளி நர்ஸ்; சபையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவாள். ஒரு கேள்விக்கும் பதில் எழுதாமல் தாளைத் திருப்பி அனுப்பியிருந்தாள். நேரில் பேசிப் பார்க்கலாமென்று அவள் வீட்டுக்குப் போனேன். பீச் பழப் பை பலகாரம் வெட்டித் தந்தாள்.

"என் விசுவாசம் ஏழு கட்டத்துல அடங்காதுங்க. பதினேழு வருஷமா இந்த ஊரே உங்க பேனாவப் பாத்துதான் ஓட்டுப் போடுது. அதுல கர்த்தருக்கு எத்தன கட்டம், உங்களுக்கு எத்தன கட்டம்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏழு கட்டமும் காலியாக அச்சிட்டேன். அந்த ஞாயிறு நானூறு தாளில் முந்நூறு மேசையிலேயே கிடந்தன. போதகரே வந்து, நல்ல பெண்ணாயிற்றே, இந்த ஒரு தடவை விட்டுவிடக் கூடாதா என்றார். எனக்குக் கோபமில்லை. ஒரு சபை வழி தவறுவதைப் பார்க்கிற துக்கம்தான்.

டேல் ஹட்டோவை உங்களுக்குத் தெரியும். விட்டுப்போன மனைவியின் வீட்டுக்குத் தீ வைத்து ஆறு வருடம் உள்ளே இருந்தவன். சபையில் அவன் பக்கத்தில் உட்காருகிறவள் நான் ஒருத்திதான். அன்று அவன் தாளை மடியில் விரித்து, மேரிபெத்தின் பெயர்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"பேரு மட்டும் கர்த்தர் சொல்றாரு வெர்னாம்மா," என்றான். "வீடு எங்கன்னு சொல்ல மாட்டேங்கிறாரு."

மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். நிறுத்தி மூன்று வாரமாயிற்று என்றான். அவன் கையிலிருந்த தாளை வாங்கி, ஓரத்தில் முகவரியை எழுதினேன். அவள் மூன்றரைக்கு வீடு திரும்பிக் கொஞ்சம் படுப்பாள் என்பதை எழுதினேன். கணவன் லாரியோடு வெள்ளிக்கிழமைதான் வருவான் என்பதையும், பின்கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பதையும் எழுதினேன்.

செவ்வாய் நாலு மணிக்குத் தீயணைப்பு வண்டி எங்கள் தெருவைக் கடந்து போனது. மேரிபெத் உயிரோடு வெளியே வரவில்லை. அவள் பெயரை எடுத்துவிட்டுத் திருத்திய வழிகாட்டியை நான் அச்சகத்துக்கு அனுப்பிய நேரம் உங்களிடம் இருக்குமே. ஆமாம், அன்று மத்தியானம் ஒன்றேகாலுக்கு.

டேலின் சட்டைப் பையில் நீங்கள் எடுத்த தாளில் இருப்பது என் கையெழுத்துதான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நான் யாரையும் எதையும் செய்யச் சொன்னதில்லை. தாளின் அடியில் அச்சிட்டிருக்கிறது, படித்துப் பாருங்கள். இது தகவலுக்கு மட்டும்; முடிவு அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது.