நாலு கட்டையில் ஒரு குரல்

தலைமையேற்று, பேச்சு நீண்டால் அடக்குவதற்கென்றே மணியின்மேல் விரல் வைத்து அமர்ந்திருக்கும் பட்டு வணிகர் திரு. சம்பந்தம் அவர்களே! மேடைக்குப் பெருமை சேர்க்கும் பெரியவர்களே! தறிக்கு இன்று ஓய்வு கொடுத்துவிட்டு வந்திருக்கும் ஆரணி நெசவாளப் பெருமக்களே! சேத்துப்பட்டிலிருந்தும் பெரணமல்லூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உழவர் பெருங்குடியினரே! ஆண்களை ஓரங்கட்டிவிட்டு முன்வரிசையை வென்றெடுத்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

இந்த எண்பத்தெட்டாம் ஆண்டில் எத்தனையோ கேசட்கள் வெளிவருகின்றன. இன்று இங்கே வெளிவருவதும் ஒரு கேசட்தான். சட்டைப் பையில் அடங்கிவிடும். ஆனால் அது இந்த மேடைக்கு வந்து சேர்ந்த கதை சட்டைப் பையில் அடங்காது.

அதோ, ஓரத்து நாற்காலியில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கிறாரே, அவர்தான் தெய்வநாயகி அம்மாள். பெரணமல்லூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். கழனி வேலைக்குப் போகிறவர். ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஊர் ஊராக அம்மன் பாட்டுப் பாடுகிறவர். கணவர் சுப்பன் ஆர்மோனியம் வாசிப்பார். அம்மாளின் குரல் எப்படிப்பட்ட குரல்? கீச்சுக் குரலா? இல்லை. கொஞ்சும் குரலா? இல்லை. கனத்த குரல், கம்பீரக் குரல், மழைக்கு முன்னே மேகம் உறுமுமே, அந்தக் குரல். குரலின் உயரத்தைப் பாடகர்கள் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். இந்த அம்மாளுக்கு நாலு கட்டை; பெண் குரலுக்குச் சற்றே தாழ்ந்த சுருதி.

சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் கேசட் கம்பெனி நடத்தும் ஜெயச்சந்திரன் இவரை அழைத்துப் பாட வைத்துப் பதிவு செய்தார். கேசட் வந்தது. வந்ததா? பறந்தது! பஸ் நிலையத்து டீக்கடையில் அந்தப் பாட்டு. சைக்கிள் கடையில் அந்தப் பாட்டு. கோயில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு. "யாருப்பா இந்தப் பொண்ணு, இன்னாமா பாடுது!" என்று ஊரே கேட்டது. ஆம், பொண்ணு என்றுதான் கேட்டது. அட்டையில் இருந்தது நடுவயது அம்மாளின் படம். உள்ளே ஒலித்ததோ பாவாடை தாவணி கட்டிய பெண்ணின் குரல்! அம்மாளின் வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை. தூரத்து ஒலிபெருக்கியில் கேட்டவர், மைக் செட்டின் கோளாறு என்று எண்ணிக்கொண்டார்.

அந்த ஆடியில் வந்தவாசிக்கு அருகே ஒரு திருவிழா. நான் பேசி முடித்து மேடையோரம் அமர்ந்திருந்தேன். சுப்பன் சுருதி கூட்டினார். அம்மாள் பாடத் தொடங்கினார். முதல் வரி முடியவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்தான்.

"யோவ், கேசட்ல பாடுன பொண்ணு எங்கய்யா? ஆள மாத்தி இட்டுகினு வந்துட்டீங்களா?"

ஒரு குரல் நூறு குரலானது. விழாக் குழுத் தலைவர் தங்கவேலு மேடையேறினார்.

"ஏம்மா, உங்க பொண்ணையே அனுப்பியிருக்கலாமே? ஜனம் பேஜார் பண்றாங்க. எறங்கிடுங்கம்மா."

"எனக்குப் பொண்ணே இல்லீங்க. அதுல பாடுனது நான்தாங்க."

யார் நம்பினார்கள்? அசல் வந்து நின்றது. நகலைப் போல இல்லையே என்று அசலை இறக்கிவிட்டார்கள்!

வீடு திரும்பிய அம்மாள் யாரைச் சந்தேகித்தார்? கம்பெனியையா? இல்லை. தன் தொண்டையைச் சந்தேகித்தார். அக்கம்பக்கத்தில் டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி, கேசட்டில் கேட்கும் உயரத்துக்கு ஏறிப் பார்த்தார். ஏற ஏறத் தொண்டை புண்ணானது. ஒருநாள் பேச்சே நின்றுபோனது. "பாட்டு மட்டும் இல்லம்மா, பேச்சும் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மாள் ஊமையாய் அமர்ந்திருந்த வீட்டில், சுப்பன் ஆர்மோனியத்தை எடுத்துக் கேசட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார். நாலு கட்டையில் வைத்தார், சேரவில்லை. அஞ்சு கட்டையில் வைத்தார், சேர்ந்தது!

"தே, நாம நாலு கட்டையிலதான பாடுனோம்? இது அஞ்சுல ஓடுது. தாளமும் ஜல்தியா போவுது. கோளாறு உன் தொண்டையில இல்லடி!"

அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

குரல் திரும்பியதும் இருவரும் வேலூர் போனார்கள். ஜெயச்சந்திரன் எதையும் மறைக்கவில்லை.

"ஒரு பக்கத்துல அரை மணி நேரம்தாம்மா பிடிக்கும். உங்க பாட்டு கொஞ்சம் நீண்டுடுச்சு. வெட்ட மனசு வரல. காப்பி எடுக்கும்போது நாடா ஓட்டத்த கூட்டிட்டோம். ஓட்டம் கூடுனா குரலும் ஏறிடும். ஜனத்துக்கும் அதுதான் புடிச்சுப்போச்சு." அத்தோடு விட்டாரா? "இப்ப மெட்ராஸ் ஸ்டுடியோவுல டிஜிட்டல் மிஷின் ஒண்ணு வந்திருக்கு. ஓட்டத்த தொடாம குரலை மட்டும் ஏத்தும். அடுத்த கேசட்ட அதுல செஞ்சிடலாம். மேடையில கேசட்ட ஓடவிட்டு நீங்க வாய மட்டும் அசைங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். ஒரு தலையசைப்பு போதும், மேடை திரும்பும், மாலை திரும்பும், வீட்டில் உலை கொதிக்கும். அம்மாள் என்ன சொன்னார்?

"மிஷினு மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ஆனா அட்டையில என் மூஞ்சிய போட்டா, உள்ள நான் இருக்கணும்."

எழுந்து வந்துவிட்டார்.

என்ன தம்பி, பின்னாலிருந்து கையைத் தூக்குகிறாய்? 'அப்ப மிஷினே வேணாம்ன்றீங்களா?' என்கிறாயா? நல்ல கேள்வி, உட்கார். என் நண்பர் ஒருவர் தங்கை கல்யாணத்து நாதஸ்வரத்தைப் பதிவு செய்தார். பாட்டரி தீரும் நிலையில் இருந்ததால் நாடா மெல்ல ஓடியிருக்கிறது. வீட்டில் கரண்ட்டில் போட்டால் நாதஸ்வரம் விசிலாய்க் கேட்கிறது! ஓட்டத்தைக் குறைத்துக் காப்பி எடுத்தார்கள்; கல்யாணம் மீண்டும் காதில் நடந்தது. அங்கே கருவி உண்மையை மீட்டது. இங்கே கருவி உண்மையை மூடியது. கருவிமேல் குற்றமில்லை தம்பி. நாளை இவை நம் வீட்டுக்குள்ளும் வரும். கூட்டு, குறை, ஏற்று, இறக்கு. ஆனால் மாற்றியதைச் சொல்லிவிட்டு மாற்று!

சென்ற ஆடியில், இதே ஆரணியில், தறி நெய்யும் உண்ணாமலை அம்மாள் தம் தெருக் கோயில் விழாவுக்கு இவரை அழைத்தார். மேடையேறிய தெய்வநாயகி அம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டார்: "கேசட்ல கேட்ட குரலு எங்கிட்ட இல்லீங்க. இருக்கிறதப் பாடுறேன்."

சிலர் எழுந்து டீக்கடைக்கு நடந்தார்கள். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். இரண்டாம் பாட்டில் ஒன்று நடந்தது. முன்னால் அமர்ந்திருந்த உண்ணாமலை அம்மாள் தாமும் சேர்ந்து பாடினார். பக்கத்தில் இருந்தவர் பாடினார். அடுத்த வரிசை பாடியது. அதற்கடுத்த வரிசை பாடியது. தெருவே பாடியது! டீக்கடைக்குப் போனவர்கள் கிளாசும் கையுமாய் ஓடி வந்தார்கள்.

இத்தனை காலம் மனப்பாடமாகக் கேட்ட பாட்டை ஏன் ஒரு பெண்ணும் சேர்ந்து பாடவில்லை? அந்த உயரம் எட்டாது. அந்த வேகத்துக்கு மூச்சுப் பற்றாது. விழா முடிந்ததும் உண்ணாமலை அம்மாள் என்னிடம் சொன்னார்:

"கேசட்டு பாடும்போது நாங்க கேட்டுகினு இருந்தோம். இவங்க பாடும்போது நாங்களும் பாடிகினு இருந்தோம்ங்க."

கைதட்டுங்கள், எனக்கல்ல, அவருக்கு!

அந்தச் சேதி வேலூர் வரை போனது. ஜெயச்சந்திரன் தேடி வந்தார். நீளமான நாடாவில், ஓட்டம் கூட்டாமல், குரல் ஏற்றாமல் அவரே பதிவு செய்த கேசட்தான் இன்று வெளிவருகிறது. அவரும் இந்த மேடையில் இருக்கிறார். திருத்திக்கொள்ள வந்த மனிதரை வரவேற்பது நம் கடமை.

வியக்க வைக்கும் குரல்கள் உலகில் ஆயிரம் உண்டு. நம்மையும் பாட வைக்கும் குரல் எத்தனை உண்டு? தலைவருக்கும், பெரியவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மைக்கை உரியவரிடம் கொடுக்கிறேன். தாய்மார்களே, தொண்டையைச் செருமிக்கொள்ளுங்கள். வணக்கம்!