சாயங்கால வகுப்பில் மிஞ்சியவள்

சுண்டல் தனியாள் செய்கிற பலகாரம் இல்லை, சார். ஒரு பிடி கடலையை ஊறப்போட்டாலும் வெந்து இறக்கும்போது நாலு பேர் சாப்பிடுகிற அளவுக்கு வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் இருந்தவரை மிஞ்சியதை அவர் தீர்த்துவிடுவார். அவர் போன பிறகு பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். கொஞ்ச நாளில் ஆட்டுக்கும் அலுத்துவிட்டது. அதனால்தான் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கான சாயங்கால வகுப்பை என் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும் நீங்கள் அதைத் தியாகம் என்று பாராட்டினீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

கீர்த்திக்கு மட்டும் ஏன் வாசிக்க வரவில்லை என்று கேட்டீர்கள். சனிக்கிழமை நீங்களே வந்து உட்கார்ந்து சொல்லித் தருவதாகவும் சொன்னீர்கள். நீங்கள் பேராசிரியர், எனக்குப் பாடம் எடுத்தவர். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. கேட்டுவிட்டு, வரவேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் மகன் அன்புராஜுக்கு மூன்று வயதிலேயே நான் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித் தந்தேன். கெட்டிக்காரன். படித்தான், மேலே படித்தான், ஜெர்மனிக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டாயா என்று கேட்பான். நான் என்ன குழம்பு என்று சொல்வதற்குள் அவனை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். ஆசிரியர்களுக்காக நீங்கள் நடத்தும் முதுநிலைப் படிப்பில் என்னைச் சேரச் சொன்னதும் அவன்தான். பொழுது போகும் என்றான்.

பொழுது நன்றாகவே போனது. சனி ஞாயிறுகளில் எங்கள் ஊரிலிருந்து பாகூர் போய், பாண்டிச்சேரியில் உங்கள் வகுப்புக்குப் பஸ் பிடித்து வருவேன். இத்தனை வருடம் பிள்ளைகளைக் கோரஸாகக் கத்தவிட்டதையே பாடம் என்று நினைத்திருந்தேன் என்பது அங்கேதான் புரிந்தது. முதலில் காது, பிறகு எழுத்து, பிறகு இரண்டையும் சேர்ப்பது. பழையது கெட்டிப்படாமல் புதியது கூடாது. ஒன்றுபோல் ஒலிக்கும் எழுத்துகளை ஒரே நாளில் தரக்கூடாது. படத்தைப் பார்த்து ஊகிப்பது வாசிப்பு இல்லை, ஒப்பிப்பதும் வாசிப்பு இல்லை. எதைச் சொன்னாலும் அதற்கு ஆய்வு இருக்கிறது என்று காட்டுவீர்கள். எல்லாம் உண்மைதான் சார். என் கூடத்திலேயே பார்த்தேன்.

ஏழு பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் எங்கள் கடலோரத்து மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள். நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதலில் ராஜ்குமாருக்கு வந்தது. ஒரு பக்கக் கதையைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மறுநாள் வரவில்லை. தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு ஏன்டா வரவில்லை என்று கேட்டேன்.

"எனக்குத்தான் வந்துடுச்சே டீச்சர். இன்னும் இன்னாத்துக்கு வரணும்?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வாசித்தார்கள், ஒவ்வொருவராக நின்றார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் கூடத்தில் கீர்த்தி மட்டும் இருந்தாள். அப்போது அவள் ஏழாவது.

அவள் அம்மா கண்ணகி செலியமேடு, பாகூர் என்று மீன்கூடையோடு சுற்றிவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். அதுவரை பெண் என்னிடம். பேச்சுக்காரி சார் அவள். யார் வலையில் என்ன விழுந்தது, எந்தப் படகில் சண்டை, எல்லாம் சொல்வாள். நான் வெங்காயம் நறுக்கினால் எதிரே உட்கார்ந்து அவளும் கண்ணைக் கசக்குவாள். அந்த வீட்டில் எனக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது தெரியுமா.

ஒருநாள் அவளே 'பட்டம்' என்று கூட்டிப் படித்தாள். நான் வாயே திறக்கவில்லை. படித்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கைதட்டினேன். ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம், இவளும் போய்விடுவாள் என்று தெரிந்துவிட்டது. உங்கள் படிப்பு படிக்காதவளாக இருந்தால் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது.

மறுநாள் ல, ள, ழ மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். அதற்கு மறுநாள் ர, ற. அவை கெட்டிப்படுவதற்குள் வேறு பாடம். கொஞ்சம் பிடி கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் படக்கதையைக் கையில் கொடுத்து ஊகிக்கச் சொல்வேன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்துக்காட்டுவேன், அவள் ஒப்பிப்பாள், பலே என்பேன். ஒருநாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. சுடுசொல் ஒன்றுகூட என் வாயிலிருந்து வந்ததில்லை. எப்படிச் செய்தால் வரும் என்று தெரிந்தவளுக்கு எப்படிச் செய்தால் வராது என்பதும் தெரியும், அவ்வளவுதான்.

எட்டாவது தொடங்கியபோது கண்ணகி என் வாசற்படியில் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசினாள்.

"இந்த வருசம் பாப்பாவுக்குப் படிக்க வந்துட்டா பாகூரு ஐஸ்கூலுக்கு அனுப்பிடறேன் டீச்சர். வரலைன்னா எங்கூட கூடை தூக்கட்டும். வராத படிப்புக்கு இன்னாத்துக்கு அதைப் போட்டு வதைக்கணும்?"

பார்க்கலாம் என்றேன். பிள்ளை எந்த வேகத்தில் வருகிறாளோ அந்த வேகத்தில்தான் போக வேண்டும் என்றேன். அதுவும் நீங்கள் சொன்னதுதான்.

பொங்கல் லீவில் கீர்த்தி மதகடிப்பட்டில் சித்தி வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்ததும் ஓட்டமாக என் வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து கடை போர்டெல்லாம் அவளே படித்தாளாம். நம்பமாட்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, அலமாரியிலிருந்து மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து ஒரு பத்தியை வாசித்தாள். திக்கித் திக்கித்தான். ஆனால் சரியாக வாசித்தாள். நான் கெடுத்ததையும் மீறி அவளுக்கு வந்திருந்தது.

நான் எழுந்துபோய் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். சந்தி பிரிக்காத பழைய செய்யுள் ஒன்றை விரித்து வைத்தேன். நமக்கே இரண்டு முறை பார்த்தால்தான் பிடிபடும்.

"இதப் படி."

முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். நான் அவசரப்படுத்தவில்லை.

"பாத்தியா கண்ணு? போர்டு படிக்கறதெல்லாம் கலரைப் பாத்துச் சொல்றது. அது வாசிப்பு இல்ல."

"அப்ப எனக்கு வரலையா டீச்சர்?"

"வரலம்மா."

"நான் மக்குதானே டீச்சர்?" என்று என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நெடுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அதன் பிறகு அவளே முயற்சி செய்யவில்லை. புத்தகத்தை எடுத்தால் தலை வலிக்கிறது என்பாள். நானும் விட்டுவிடுவேன், டிவி பார்ப்போம். எட்டாவது முடிந்தது. மற்ற பிள்ளைகள் பாகூருக்குப் போனார்கள். கீர்த்தி இப்போது காலையில் அம்மாவோடு கூடை தூக்குகிறாள். தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். ஊரே மக்கு என்று சொல்லும்போது டீச்சர் ஒருத்தர்தான் தன் பெண்ணைக் கைவிடவில்லை என்று கண்ணகி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். வில்லியனூர் மாதா கோயிலில் என் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றியதாகவும் சொன்னாள். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை. நான் போகிறவள் என்பதற்காகப் போயிருக்கிறாள்.

ஆக, பெண்ணிடம் குறை எதுவும் இல்லை சார். நீங்கள் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் வாசித்துவிடுவாள். ஹைஸ்கூலிலும் இன்னும் சேர்த்துக்கொள்வார்கள் என்றீர்கள். சேர்த்துக்கொள்வார்கள்தான். பிறகு போய்விடுவாள்.

அதனால் நேற்றே தாயையும் மகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். பாண்டிச்சேரியிலிருந்து பெரிய படிப்புப் படித்த சார் கீர்த்தியின் விவரமெல்லாம் பார்த்தார், இது பிறவிக் குறை, யார் சொல்லித் தந்தாலும் இவளுக்கு வராது என்று சொல்லிவிட்டார் என்றேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். உங்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. இனி நீங்களே வந்து வேறு மாதிரி சொன்னாலும் அவள் புத்தகத்தைத் தொடமாட்டாள்.

கண்ணகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகளை இழுத்து அணைத்து, போனால் போகிறது, நான் இருக்கிறேன்டி உனக்கு என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கீர்த்தி அழவில்லை.

"படிப்பு வராதுன்னாலும் நான் சாயங்காலம் இங்க வரலாமா டீச்சர்?" என்று அம்மாவின் அணைப்புக்குள்ளிருந்தே கேட்டாள்.

வா என்றேன். பாவம் சார், என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?