ராபியாவின் வலது கை

என் மனைவியின் வலது கைக்கு மதிப்பில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதிக் கொடுத்திருப்பது அநியாயம். இதைச் சொல்லும் நான் காஜா மைதீன், வயது 72, மீமிசல், ஆவுடையார்கோவில் வட்டம். தீர்ப்பாயத்தில் சத்தியம் செய்து சொல்வதாவது:

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முன்பு, மீன் ஏற்ற வந்த ஐஸ் வண்டி பின்னோக்கி வந்து இடித்ததில் என் மனைவி ராபியாவுக்கு வலது தோளும் மணிக்கட்டும் முறிந்தன. அதன் பிறகு எலும்பு சேர்ந்தது, விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. மருத்துவக் குழு கையை மடக்கி நீட்டிப் பார்த்து மட்டும் ஊனச் சதவீதம் போட்டது. அதன் பிறகு கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து, "வேலைக்கு ஏதும் போறீங்களாம்மா?" என்று கேட்டார். "நான் எங்கிட்டுப் போக? சும்மாத்தான் இருக்கேன் தம்பி" என்றார் ராபியா. அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வழக்குகளில் தொகை எப்படி வருகிறது என்று தீர்ப்புகளை வாங்கிப் படித்தேன். ஆண்டு வருமானம், ஊனச் சதவீதம், வயதுக்கான பெருக்கெண் மூன்றையும் பெருக்குகிறார்கள். வைத்தியச் செலவும் வலிக்கான தொகையும் தனி. வருமானம் பூஜ்யம் என்றால் பெருக்கி வருவதும் பூஜ்யம்.

ராபியா சும்மா இருந்தவர் அல்ல. வீட்டு வேலை முழுவதும் அவருடையது. அது போக, ஊரில் இறந்துபோகும் பெண்களைக் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்குவதில்லை, அந்த வீட்டில் டீ கூடக் குடிப்பதில்லை. தண்ணீரின் சூட்டை வலது கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுவார். விபத்துக்குப் பிறகு, பக்கத்து வீட்டு நுஸைபாவின் தாயார் இறந்தபோதும் போனார். பழக்கத்தில் வலது கையை விட்டுப் பார்த்திருக்கிறார், சூடு தெரியவில்லை. அதன் பிறகு நுஸைபாவைத் தொடச் சொன்னார், நுஸைபா சூடு தாங்காமல் கையை உதறிவிட்டார். "இன்னும் பச்சத்தண்ணி ஊத்தி விளாவு, அவுங்களுக்குச் சுடும்" என்றாராம் ராபியா. "மய்யித்துக்குச் சுடுமா மாமி?" என்று ஒரு பெண் கேட்டதற்கு, "ஒன் தலையில ஊத்திப் பாப்பமா?" என்றாராம். வீட்டுக்கு வந்தபோது ராபியாவின் வலது கை விரல்கள் கொப்பளித்திருந்தன.

இதைக் கோர்ட்டில் சொல்வேன் என்றதும், "ஏங்க, கூலி கேட்ட மாதிரி ஆயிரும்" என்று தடுத்தார். நான் கூலி கேட்கவில்லை. கைக்கு உரியதைக் கேட்கிறேன்.

ஆகவே கம்பெனி 'வேலை இல்லை' என்பதை அடிக்க வேண்டும். மருத்துவக் குழு விரல்களின் உணர்ச்சியைச் சோதித்துச் சதவீதத்தைத் திருத்த வேண்டும். தீர்ப்பாயம் வீட்டு வேலைக்கு வருமானம் நிர்ணயித்துப் பெருக்கி, இனி செய்ய முடியாதவற்றுக்கும் தனித்தொகை சேர்க்க வேண்டும். ஐஸ் வண்டி ஓட்டுநர் நேரில் வந்து ராபியாவைப் பார்க்க வேண்டும். ராபியா அவரை மன்னித்துவிட்டார், நான் மன்னிக்கவில்லை.

இதை நானே படித்துப் பார்த்தேன். உள்ளது உள்ளபடி இருக்கிறது, ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன்.

(ஒப்பம்) காஜா மைதீன்