லியோட்டாவின் சிவப்புக் கோட்டு

கம்பளி விரிப்புக்கு இஸ்திரி போடும்போது பெட்டியை இழுக்கக் கூடாது. ஈரத்துணியை மேலே போட்டு, பெட்டியை வைத்து, ஆவி அடங்கியதும் அப்படியே தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இதை உங்கள் அம்மாவுக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், தம்பி. அவள் சட்டை தேய்க்கிற மாதிரிதான் தேய்க்கிறாள். நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அந்த வேலையில் இருந்தேன். முடிகிற வரைக்கும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். அந்த மரியாதைக்காகத்தான் இன்று நானே காரை ஓட்டிக்கொண்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

விரிப்பில் இருக்கும் படம் என் கணவர் ஹிபர்ட் வரைந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு பொழுது போகாமல் தவித்தார். ஒரு கோணிச் சாக்கைப் பிரித்து மடியில் போட்டு, கரிக்கட்டியைக் கையில் கொடுத்தேன். எங்கள் பழைய நாயை வரைந்தார். கை நடுங்கியதில் ஒரு கண் நெற்றிக்கு ஏறிவிட்டது.

"இவன் ஒரு கண்ணால உன்னைப் பாப்பான், இன்னொண்ணால அடுப்பைப் பாப்பான். என்னை மாதிரிதான்" என்றார்.

இலையுதிர் காலத்தில் அவர் போய்விட்டார். நான் அந்தச் சாக்கை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். பழைய பாணி விரிப்பு என்றால் கடையில் துணி வாங்கக் கூடாது. வீட்டில் உடுத்திக் கிழிந்ததைக் கீற்றாக வெட்டித்தான் கொக்கியால் சாக்கு வழியாக இழுக்க வேண்டும். நாயின் உடம்புக்கு அவருடைய கால்சட்டை. கண்ணின் வெள்ளைக்கு அவர் குளிருக்கு உள்ளே போட்ட கம்பளி பனியன். மூலைப் பூக்களுக்குத்தான் சிவப்பு கிடைக்கவில்லை. வெங்காயத்தோல், தேயிலை, துருப்பிடித்த ஆணி எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். வெயிலில் வருஷக்கணக்காக வெளுத்த சிவப்பு சட்டியில் வராது.

அந்தச் சிவப்பு என் ஓரகத்தி லியோட்டாவின் கோட்டில் இருந்தது. ஹிபர்ட்டின் தம்பி எல்டனின் மனைவி அவள். ஏரிக்கு அக்கரையில் வீடு. வியாழக்கிழமை தோறும் பெண்கள் என் வீட்டில் கூடி விரிப்பு வேலை செய்வோம், அவளும் வருவாள். எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"நான் செத்தா எடுத்துக்கோங்க, அக்கா. அதுவரைக்கும் எனக்குக் குளிருதே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே. கோட்டுக்காகத்தான் செய்தேன், தம்பி. அதை நான் ஒளிக்கவில்லை.

நான் கோட்டைக் கேட்டதற்கு முந்தின வாரம் நடந்ததையும் உங்கள் அம்மா சொல்லியிருப்பாள். வெல்லப்பாகு ரொட்டி எடுத்துவர நான் சமையலறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் லியோட்டா என் சட்டத்தின் முன்னால் கொக்கியோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாய்க்கு மாறுகண்ணா இருந்துச்சுக்கா. பாவம்னு சரி பண்ணிட்டேன். இப்பப் பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்குது."

நன்றாகத்தான் செய்திருந்தாள். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில். அவளுக்குக் கைவேலை சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிடுங்கிய கீற்றுகள் எங்கே என்று கேட்டேன். அடுப்பில் போட்டுவிட்டேன் என்றாள். கேட்காமல் இன்னொருத்தி விரிப்பில் கொக்கி வைப்பது எங்களிடம் வழக்கமில்லை. ஆனாலும் நன்றி சொல்லிவிட்டு ரொட்டியை அறுத்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

சம்பவத்தன்று அவளைக் கூட்டிவந்த வினிஃப்ரட், மாடு கன்று போடப் போகிறது என்று பாதியிலேயே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். லியோட்டா தன்னை வீட்டில் கொண்டுபோய் விடும்படி என்னிடம் கேட்டாள். கார் கிளம்ப மாட்டேன் என்கிறது என்றேன். எப்படி ஓடிவந்தது என்று இன்று நீங்களே பார்த்தீர்கள்.

"ரோட்டுல சுத்திப் போனா இருட்டிடும். ஏரி மேல நடந்தா பனி தாங்குமாக்கா?"

"பக்கத்துப் பண்ணை ஓவனோட லாரியே ஏரிக்குக் குறுக்கால போச்சே" என்றேன்.

போனது உண்மை. ஆனால் அது பிப்ரவரி ஆரம்பத்தில். இப்போது மார்ச் கடைசி. ஓடை வந்து கலக்கும் இடத்தில் பனிக்கட்டி இளகிக் கறுத்திருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். அவள் வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஏரி விஷயத்தில் எப்போதும் என்னைத்தான் கேட்பாள்.

வாசலில் அவளை நிறுத்தினேன். "சாயம் ஒத்துப் பாக்கணும், கோட்டை விட்டுட்டுப் போ. இந்தா, என்னோடதைப் போட்டுக்கோ" என்றேன். கம்பளி நனைந்தால் சுருங்கிவிடும். அவள் சந்தோஷமாகக் கழற்றிக் கொடுத்தாள். என் கோட்டின் பொத்தானை நானே போட்டுவிட்டேன், காற்று அடித்தது. அதனால்தான் நீங்கள் அவளை ஏரியிலிருந்து வெளியே எடுத்தபோது முதலில் நான் என்று நினைத்தீர்கள். அன்று அவள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து எல்டன் போன் பண்ணிக் கேட்டான். கிளம்பிவிட்டாள் என்றேன். எல்டனை நினைத்தால்தான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவனுக்கு ஒரு முட்டைகூட அவிக்கத் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்கிறது நியாயமான கேள்விதான். கோட்டு என் கதவுக்குப் பின்னால் முழுசாகத் தொங்குகிறது, ஒரு விரற்கடைகூட வெட்டவில்லை. பிறகு விரிப்பு எப்படி முடிந்தது என்கிறீர்கள். நானும் வெட்டத்தான் எடுத்தேன். கத்திரிக்கோல்கூடக் கையில் இருந்தது. அப்புறம் மூலைகளுக்கு வீட்டில் கிடந்த பழுப்புத் துணியையே போட்டேன், அதுவே போதுமாக இருந்தது. மற்றபடி பெரிய வேலை எதுவும் மிச்சமில்லை, தம்பி. அவள் வைத்த கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஹிபர்ட் வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.