நீல நூல் நழுவிய நாள்: எங்கள் தலைமை மருத்துவருக்குப் பணிநிறைவுப் பாராட்டு

கால்நோவு கொண்டு கலங்கி வந்தோர்க்குக் கைகொடுத்த கருணையே! கத்தி பிடித்த கையிலும் கனிவை விடாத எங்கள் தலைமை மருத்துவரே! தங்களுக்கு எங்கள் தலைதாழ்ந்த வணக்கம்.

மேலேறும் இரத்தம் மீண்டும் கீழே இறங்காமல் காக்கும் மெல்லிய வால்வுகள் காலின் சிரையில் கெட்டுப்போனால், கையின் சிரையிலிருந்து நல்ல வால்வுள்ள துண்டொன்றை எடுத்து அங்கே பொருத்துவது தங்கள் பொறுமையின் பெருமை. தலைகீழாகத் தைத்துவிட்டால் திறக்க வேண்டிய கதவே தாழ்ப்பாளாகிவிடும். ஆகவே துண்டின் மேல்முனையில் நீல நூல் முடிச்சொன்று போட்டு வைப்பது தங்கள் வழக்கம்.

அப்படி வால்வு கெட்டு, கணுக்காலில் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணோடு வந்தார், முடிதிருத்தும் அண்ணன் ஒருவர். "டாக்டர், இனிமே நின்னு வேலை பார்க்க முடியுமா, இல்ல கடையைப் பூட்டிடட்டுமா?" என்றார். "பூட்டு வாங்கிடாதீங்க, பார்க்கலாம்" என்றீர்கள்.

அவருடைய அறுவையின்போது, உப்புநீர்க் கிண்ணத்தில் துண்டு ஒரு பக்கம், நீல நூல் ஒரு பக்கம்! எது மேல், எது கீழ்? நாங்கள் ஆளாளுக்குக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தோம். தாங்களோ, "யாரையும் குறை சொல்லாதீங்க, என் முடிச்சுதான் அவுந்துபோச்சு" என்று, ஊசிக்குழலால் ஒரு முனையில் உப்புநீரைச் செலுத்தினீர்கள். தாராளமாக ஓடியது. மறுமுனையில் செலுத்தினீர்கள். உள்ளே போகவே இல்லை. "விடமாட்டேங்குது பாருங்க! இதுதான் மேல்பக்கம்."

தைத்து முடித்து, கீழே ஒரு விரலால் அழுத்தி, மறுவிரலால் இரத்தத்தை மேலே வழித்துவிட்டீர்கள். ஒரு துளியும் திரும்பி இறங்கவில்லை! "அப்பாடா" என்று மயக்க மருத்துவர் விட்ட மூச்சில் அவர் முகக்கவசமே உப்பிப்போனது.

"கட்டைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?" என்று காலைதோறும் எங்களைத் துளைத்தெடுத்த பெருந்தகையே! நாளை முதல் அந்தக் கேள்வி இல்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதிதான், மறைப்பானேன். ஆனாலும் கட்டைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

புண் ஆறிய அந்த அண்ணன் இதோ, இந்த அரங்கின் கடைசியில் நிற்கிறார். நாற்காலி போட்டோம், மறுத்துவிட்டார். "உக்காந்து உக்காந்து சலிச்சுப்போச்சு, நிக்கிறேன் விடுங்க" என்கிறார்.

அடுத்தவர் கால்களுக்காக ஆயுளெல்லாம் நின்ற ஐயா! நோய்நொடியின்றி, நிறைந்த மனத்தோடு, நெடுங்காலம் வாழ்க! அவர் நிற்கட்டும். தாங்கள் இனி உட்காருங்கள்.

தங்கள் அன்பு மறவாத,
இரத்தக்குழாய் அறுவைப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர், ஊழியர்