ஹீட்டர் இருக்கிறது என்று நான் சொன்னது

பெயர் செல்வமலர். வயது 58. காலஞ்சென்ற செல்லசாமியின் மனைவி. டிக்கோயாவில் கடைத்தெருவுக்கு மேலே சொந்த வீட்டில் வசிக்கிறேன். என் பேரில் பொலிசுக்கு வந்திருக்கும் முறைப்பாடு பற்றி விசாரித்தபோது நான் சொல்வதாவது:

என் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிறேன். அதில் ஒரு சமையலறையும் குளியலறையும், அவற்றுக்கு மேலே கூரையை ஒட்டி ஒரு மச்சு அறையும் உண்டு. மச்சுக்குச் சுற்றிலும் பலகை அடித்து, வர்ணம் பூசி, கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறேன். பார்க்க லட்சணமாக இருக்கும். குளிருக்கு அங்கே எதுவும் கிடையாது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்த ஆசிரியர் யோகேஸ்வரன், சித்திரை வெயிலில் வீடு பார்க்க வந்து, ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இந்த மலையூரில் வீடு பார்க்க வருகிறவர் ஹீட்டர் என்று கேட்டால், குளிக்கும் தண்ணீரைச் சுடவைக்க வாளிக்குள் போடுகிற கம்பிச் சுருளைத்தான் கேட்கிறார். அது குளியலறை ஆணியிலேயே தொங்கியது. இவர் அறையைச் சூடாக்கும் பெட்டியை நினைத்துக் கேட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதன் பின்னர் அவர் மனைவி நிலக்ஷி பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார். அதன் பின்னர் மார்கழிப் பனி தொடங்கவே, ஆசிரியர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தச் சுருளையும் ஒரு வாளித் தண்ணீரையும் மச்சுக்குத் தூக்கிப்போய், கதவைச் சாத்திக் கொதிக்கவிட்டார். ஆவி முட்டிப் பலகையெல்லாம் வேர்த்துச் சொட்டி, தொட்டில் துணி நனைந்து, கரண்டும் போய்விட்டது. நான் ஏறிப்போய்ச் சத்தம் போட்டேன். அதற்கு அவர், "ஹீட்டர் இருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதன் பின்னர் குழந்தை விடாமல் இருமியதால் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கி, தாயையும் பிள்ளையையும் நான் இருக்கும் பகுதியில், என் சொந்தச் சமையலறையில், புகைபோக்கி வைத்த விறகடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். இருமல் குறைந்தது. ஆசிரியரையும் கூப்பிட்டேன். வாடகை கொடுத்த அறை இருக்க அடுத்தவர் அடுப்படியில் கிடக்க முடியாது என்று முறுக்கிக்கொண்டு, குல்லாவும் கம்பளியுமாக மேலேயே படுத்தார். "சேர், குளிர் காயுறதுக்கு வெக்கப்பட்டா இந்த ஊர்ல பொழைக்க முடியாதுங்க" என்று நான் சொன்னது உண்மை. அவர் மனைவியை மேலே கூப்பிட்டார். நிலக்ஷி, "நான் வரேல்லை. நீங்கள் இறங்கி வாங்கோ" என்றார்.

இன்று காலை என் அடுப்படியில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு நேரே இங்கு வந்து, நான் பொய் சொல்லி வீட்டை வாடகைக்கு விட்டதாகவும், மனைவி பிள்ளையைத் தடுத்து வைத்திருப்பதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். என் சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

அவர்களை மேலே அனுப்பினால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவார் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. ஹீட்டர் விஷயத்தில் வழக்குப் போடுவதென்றால் போடுங்கள். அந்தக் குழந்தையை மச்சுக்கு அனுப்ப மாட்டேன். அவருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்துத்தான் வைத்திருக்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செ. செல்வமலர்